எண்ணெய் தேடுவோரும் எமது காணிகளும்

மன்னார்ப் பக்கம் எண்ணெய் இருக்கிறது என்ற கதை எமக்குப் புதிதல்ல. 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு துளைத்தார்கள். விற்கக்கூடிய அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011இல் கெய்ர்ன் கம்பனி மன்னார்க் கடலில் இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டது. 2015இல் அதுவும் விலகிச் சென்றது. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. வன்னிப் பெருநிலத்தில் இன்று எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லை. ஆயினும் தேடுவோர் வருமுன்னரே நாம் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

காணிக்கு உறுதி இருந்தாலும் அதன் அடியிலுள்ள எண்ணெய் அரசுக்கே சொந்தம். எமக்குரியது மேல்நிலம் மட்டுமே. ஆனால் துளைக்கும் தளத்துக்கும் லொறிப் பாதைக்கும் குழாய்க்கும் அந்த மேல்நிலம்தான் தேவை.

தஞ்சாவூர் வயல்களின் கீழுள்ள காவிரிப் படுகை, பாக்கு நீரிணையின் அடியால் எமது வடபகுதி வரை நீள்கிறது. அங்கே கதிராமங்கலத்தில் 2017இல் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. ஊரார் திரண்டு மறித்தார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. (ஏற்கெனவே நடந்துவந்த வேலைகளை அச்சட்டம் நிறுத்தவில்லை.) அவர்கள் தம் வயலில் நின்று மறித்தார்கள். இடம்பெயர்ந்த நாமோ வேறிடத்தில் இருக்கிறோம்.

இங்குதான் ஆபத்து. பொதுத் தேவைக்கென அரசு காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி. இரண்டாம் பிரிவு அறிவித்தலை அந்த இடத்தில் ஒட்டிய பின் உத்தியோகத்தர்கள் காணிக்குள் நுழைந்து அளக்கலாம், அடிமண்ணைத் துளைத்தும் பார்க்கலாம். நான்காம் பிரிவு அறிவித்தலில் ஆட்சேபனைக்குத் தவணை தரப்படும். அது 14 நாட்களுக்குக் குறையக்கூடாது என்பதே சட்டம். அவசரம் என்று கட்டளை வந்தால் நட்டஈடு தீர்க்கப்படும் முன்னரே காணி கைமாறிவிடும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு இராணுவத் தேவைக்காக இப்படித்தான் அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர் பலர் அப்போது முகாம்களில் இருந்தனர். ஆனாலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். உறுதி கையில் இருந்தவர்களுக்கு அது இலகுவாயிற்று.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். பேமிற் காணியென்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். பேமிற் பெற்ற ஐயா காலமாகிவிட்டால் பின்னுரித்தாளரின் பெயருக்கு அதை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இப்போதுள்ள முகவரியை சொந்த ஊர்க் கிராம சேவையாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் அவரது ஒப்பமும் திகதியும் வாங்கி வைத்திருங்கள். ஊர்ப்பக்கம் போகிறவர் வேலியையும் மரத்தையும் ஒருமுறை பார்த்துவரட்டும்.