ஆகாரத் தொழிலும் சிறைவாசலும்

லண்டன் மாநகரின் வடபாகத்தில், ஆர்ச்வே பாதாள ரயில் நிலையத்தைவிட்டு வெளிவந்து, ஹைகேட் முருகன் கோயிலை நாடி ஆர்ச்வே ரோட்டின் மேட்டில் ஏறிச் செல்லும் நம்மவர்கள், வழியிலுள்ள உணவு விடுதிகளின் கண்ணாடிக் கதவுகளில் பச்சையும் கறுப்புமான சிறு ஒட்டுச்சீட்டு ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும். நகரசபை உத்தியோகஸ்தர்கள் வந்து சோதித்து, பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு, அவ்விடத்தின் சுகாதார நிலையை ஜனங்களுக்கு அறிவிக்கும் சீட்டு அது. வேல்ஸ் தேசத்தில் அதைக் கதவில் ஒட்டியே தீரவேண்டும் என்பது 2013 முதல் சட்டம். இங்கிலாந்திலோ அது கடைக்காரரின் இஷ்டம். ஐந்து வாங்கியவர் கண்ணில் படும்படி ஒட்டுகிறார். ஒன்று வாங்கியவர் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறார். ஆனால் அதே வீதிக் கடைகளில் நாம் வாங்கும் சாக்லேட்டையும் பிஸ்கட்டையும் இங்கிலாந்தில் எங்கோ ஒரு ஊரில் செய்து அனுப்பும் தொழிற்சாலைக்கு, நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள இத்தகைய சீட்டே கிடையாது. அங்கே பிழை நேர்ந்து மனிதர் நோயுற்றால், ஏன், மாண்டேபோனால், தண்டனை யாரைச் சேரும்?

வேல்ஸ் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதற்குப் பின்னணி உண்டு. 2005ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தெற்கு வேல்ஸில் ஈ.கோலி ஓ157 என்ற கிருமி பரவி, 157 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். விசாரித்தபோது, அத்தனை பள்ளிகளுக்கும் சமைத்த இறைச்சி அனுப்பிவந்த பிரிட்ஜெண்ட் நகரத்து நிறுவனம் ஒன்றில், காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்டும் ஒரே இயந்திரத்தில் பச்சை இறைச்சியையும் சமைத்த இறைச்சியையும் மாற்றி மாற்றிப் போட்டுவந்தது வெளிப்பட்டது. பச்சை இறைச்சியில் இருந்த கிருமி, மறுபடி அடுப்பைக் காணப்போகாத பண்டத்தில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான் சூக்ஷ்மம். கேட்ட உத்தியோகஸ்தர்களுக்குக் காட்டச் சுத்திகரிப்புப் பதிவேடுகள் இருந்தன. அவை பொய்யாக எழுதப்பட்டவை. 2007இல் முதலாளிக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டு மரணம் விளைவித்ததாக அன்று, கேடான உணவை விற்றதாகத்தான். பின்னர் 2009இல் விசாரணை அறிக்கை வெளியிட்ட பேராசிரியர் ஹியூ பென்னிங்டன், பதிவேட்டை நம்பித் திருப்தியடைந்து திரும்பிய சோதனையாளர்களையும் சாடாமல் விடவில்லை.

இதற்கு இணையாக இன்னொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். ஹெர்ஃபோர்டுஷயரில் மார்ல்புரூக் என்னுமிடத்தில் கேட்பரி நிறுவனத்தின் தொழிற்சாலையில் கழிவுநீர்க் குழாய் ஒன்று ஒழுகி, சாக்லேட்டுக்கு மூலப்பொருளான பாற்பொடிக் கலவையில் சால்மொனெல்லா கிருமி கலந்துவிட்டது. கிருமி இருப்பது 2006 ஜனவரியில் நிறுவனத்துக்கே தெரியும். அரசாங்கத்துக்குத் தெரிவித்ததோ ஜூனில். அதன்பிறகே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்லேட்டுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. முன்பெல்லாம் கிருமி சிறிதளவு தென்பட்டாலும் சரக்கை அழித்துவந்த அந்நிறுவனம், 2003இல் தன் விதியைத் தளர்த்தி, 'இந்த அளவுவரை பாதகமில்லை' என்று ஒரு வரம்பைத் தானே ஏற்படுத்திக்கொண்டிருந்தது. சாக்லேட்டின் கொழுப்பு, வயிற்று அமிலத்திலிருந்து கிருமியைக் கவசம்போலக் காப்பதால், மிகச் சொற்பமான எண்ணிக்கையே நோயுண்டாக்கப் போதும் என்பது அக்காலத்தில் விஞ்ஞானிகள் அறிந்த விஷயமே. 2007 ஜூலையில் பர்மிங்காம் நியாயஸ்தலத்தில் பத்து லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. சிறைக்குப் போனவர் எவருமில்லை.

இரண்டையும் அருகருகே வைக்கும்போது மனத்தில் உறுத்துவது இதுதான்: சிறு கடைக்காரர் தம் வியாபாரத்தின் மூளையாகவும் கையாகவும் தாமே இருப்பதால், சட்டம் அவரை எளிதில் பிடித்துவிடுகிறது, பெருங்கம்பெனியில் பிழையான தீர்மானம் பல மேஜைகளைக் கடந்து, பல கையெழுத்துகளில் கரைந்துபோய்விடுவதால், பிடிப்பதற்கு ஓர் ஆள் அகப்படுவதில்லை. நிலக்கடலை ஒவ்வாத வாடிக்கையாளர் ஒருவர் 2014இல் இறந்ததற்காக, பாதாம் பொடிக்குப் பதில் மலிவான கடலைப் பொடியைச் சேர்த்த வடக்கு யார்க்‌ஷயர் இந்திய உணவக முதலாளி ஆறாண்டு சிறைக்கு அனுப்பப்பட்டதும் சிறு கடைக்காரர் அகப்படும் அவ்வகையிலே சேரும். பெருங்கம்பெனிகளைப் பொறுத்தமட்டிலோ, கம்பெனியின் சித்தம் என்பது அதன் மேலிடத்தாரின் சித்தமே, கிளை நிர்வாகியின் பிழை கம்பெனியின் பிழையாகாது என்று பிரபுக்கள் சபை டெஸ்கோ என்ற பேரங்காடி நிறுவனத்தின் வழக்கில் 1971இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதை மாற்றவேண்டி வந்த 2007ஆம் ஆண்டின் நிறுவன மனிதக்கொலைச் சட்டமும் கம்பெனிக்கு அபராதம் விதிக்குமேயன்றி, எந்த மனிதரையும் சிறையிலிடாது.

அமெரிக்கா ஒருமுறை வேறு வழி போயிற்று. கிருமியுள்ளதென்று தெரிந்தே கடலைச் சரக்கை அனுப்பி, ஒன்பது பேரின் மரணத்துக்குக் காரணமாயிருந்த கம்பெனித் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெல்லுக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அதற்கும் காரணம், சரக்கை அனுப்பச் சொன்னது அவரே எழுதிய மின்னஞ்சலில் சிக்கியதுதான்.

நம் இந்திய நாட்டின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் விசித்திரமானது. கேடான உணவால் உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாமல் ஆயுள்வரை தண்டனை என்று 59ஆம் பிரிவு அதட்டுகிறது; 66ஆம் பிரிவோ, பல கிளைகளுள்ள கம்பெனி ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளலாம் என்றும், குற்றம் நேர்ந்தால் அவரே பதில் சொல்லவேண்டும் என்றும் வழி வகுக்கிறது. டைரக்டர்களின் சம்மதமோ அலட்சியமோ நிரூபணமானால் அவர்களும் குற்றவாளிகளே; ஆனால் அதை நிரூபிக்கவேண்டியது வழக்குத் தொடுப்பவர். உணவுத் தொழில்நுட்பம் பயின்று வேலை தேடும் இளைஞர்கள், அத்தகைய நியமனக் கடிதம் தம் கைக்கு வரும்போது, சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன், ஓடும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அதில் தமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார்களாக.