மூச்சு இளைத்தவரும் பாடலாம்

150ஆம் திருப்பாடலின் நிறைவு அடியில் நாம் ‘உயிர்’ என வாசிக்கும் இடத்தில் எபிரேய மூலம் ‘மூச்சு’ என்கிறது. வினாயகபுரம் போன்ற நம் கரையோர ஊர்களில், விறகடுப்புப் புகையாலும் சுருட்டாலும் நுரையீரல் நலிந்த முதியோர் திருப்பலி வேளையில் பாடாமல் ஒதுங்கிவிடுகின்றனர். இலண்டன் ரோயல் புரொம்ப்டன் வைத்தியசாலையோ அத்தகையோரையே பாட அழைத்தது.

இந்நோயில் காற்று முழுதும் வெளியேறாமல் உள்ளே தேங்கும். பதறி மேலும் இழுக்க இழுக்கத் திணறல் மிகும். நீண்ட அடியைப் பாடுதல் மெல்ல மூச்சுவிடப் பழக்குகிறது. 2010இல் வெளியான அவ்வைத்தியசாலையின் ஆய்வில், ஆறு வாரம் பாடியோரின் பதற்றம் தணிந்தது; நடக்கும் ஆற்றல் கூடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஹேலரைக் கைவிடலாகாது.

பாடகர் குழுவினரே, அத்தகைய பெரியவருக்கு ஒரு நாற்காலி இடுங்கள்; சுருதியைச் சற்று இறக்குங்கள்; அடியின் நடுவே அவர் மூச்சு வாங்கினால் திரும்பிப் பாராதீர்கள்.