‘இந்தப் பாவு முடியட்டும் சார்’

ஆரணியை அடுத்த சேவூர் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளர் வந்திருந்தார். வயது 54. இரண்டு மாதமாக விடாத இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நிழல். இந்த வாரமே சிடி எடுத்தாக வேண்டும் என்றேன். “இந்தப் பாவு முடியட்டும் சார், வந்துடறேன்” என்றார். தறியில் ஏற்றிய பாவில் இன்னும் இரண்டு சேலை பாக்கி. முகூர்த்த மாதம். முதலாளியிடம் முன்பணம் வேறு வாங்கியாயிற்று.

அந்தப் பாவு முடிந்தது. அடுத்தது ஏறியது. அவர் திரும்பி வந்தது ஏழு மாதம் கழித்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. குரல் உடைந்திருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு எடுத்த நீரில் புற்றணுக்கள் இருந்தன. “எங்க நைனாவுக்கு ஆபரேஷன் பண்ணி அந்தக் கட்டியை எடுத்துட முடியாதா சார்?” என்று மகன் கேட்டார். எடுத்திருக்கலாம். இந்த இறந்தகாலப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது.

இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று எந்த ஊர்த் தறிக்கூடத்திலிருந்து வந்தாலும் எனக்கு முன்னால் நடப்பதும் இதுதான். அறுத்து எடுக்கக்கூடிய கட்டியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கப் போய் அகஸ்மாத்தாகப் பிடிபட்டவர்கள். கண் ஆபரேஷனுக்கு முன்னால், கீழே விழுந்து விலா எலும்பு வலித்தபோது, கொரோனா காலத்து சிடியில்.

காசநோய் மாத்திரையில் போன ஆறு மாதம்

எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது தவறில்லை. நெருக்கமாக உட்கார்ந்து நெய்யும் வீடுகளில் காசநோய் இன்றும் இருக்கிறது. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், ‘எதற்கும் ஒரு கோர்ஸ் போட்டுப் பார்ப்போம்’ என்று ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் என் தொழில்காரர்களுடையது, சில நேரம் என்னுடையதும்தான். மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகியும் நிழல் சுருங்கவில்லை, எடை ஏறவில்லை என்றால் அது காசநோய்தானா என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என்றோ ஆறிப்போன காசநோய்த் தழும்பிலேயே பின்னாளில் புற்று முளைக்கலாம். “எனக்கு 20 வருஷத்துக்கு முன்னாடியே டிபி வந்து போச்சு, அந்தத் தழும்புதான் இது” என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நிழல் என்னவென்று உறுதிசெய்யும் பரிசோதனைகள் இவ்வளவுதான்: சளி, எக்ஸ்ரே, சிடி, தேவையானால் பிராங்கோஸ்கோபி, பயாப்சி, பெட் சிடி.

தறியின் மேல் போடும் பழி

நெசவாளிக்கு வரும் எந்த வலிக்கும் தறியைக் காரணம் சொல்லிவிடலாம். அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. நுரையீரலின் உச்சியில் வளரும் ஒருவகைக் கட்டி இருமலே தராது. தோள்பட்டையில் வலி தொடங்கி, கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல் வரை இறங்கும். “நாடா தள்ளித் தள்ளித் தோள் போச்சு சார்” என்று எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு, எலும்பு டாக்டரிடம் ஊசி போட்டு, ஐந்தாறு மாதம் கழித்து வருவார்கள். இரவில் தூங்கவிடாத தோள்வலியும் கை மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சளியில் ரத்தம் வந்தால் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிப்பார்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் சிவப்பு கணக்கிலேயே வராது. குரல் கம்மினால் சுக்குக் காப்பி. மூன்று வாரத்துக்கு மேல் குரல் சரியாகவில்லை என்றால், குரல் நாணுக்குப் போகும் நரம்பைக் கட்டி அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விரல்களையும் பாருங்கள். நுனி தடித்து, நகம் கிளிமூக்குபோல வளைந்துவந்தால் அது பாவு பிணைத்ததால் வந்ததில்லை. நுரையீரலில் ஏதோ இருக்கிறது என்பதற்கு அது பழங்காலத்திலிருந்தே தெரிந்த அடையாளம். ஒரு பெண் வளையல் கடையில் மோதிரம் ஏறாததைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய கட்டியை எடுக்க முடிந்தது.

பட்டுத் தூசியால்தான் புற்று வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. பட்டு நூல் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். நுரையீரல் புற்றுக்கு அது காரணம் என்று நிறுவப்படவில்லை. பென்சிடின் வகைச் சாயங்கள் சாயக்காரர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றைக் கொடுத்ததும், 1990களில் அவை தடைசெய்யப்பட்டதும் உண்மை. ஆனால் அது வேறு உறுப்பு, வேறு கதை. பட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பாக்கெட்டிலிருக்கும் பீடிக்கட்டைத் தப்பவிடுகிறோம்.

‘கத்தி வச்சா பரவிடுமாமே?’

வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார். நோயாளி கேட்காவிட்டால் கூட வந்த மச்சான் கேட்பார். ஊசி போட்டுச் சதை எடுத்தாலே பரவிவிடும், மார்பைத் திறந்து காற்று பட்டால் தீயாய்ப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். இதை நம் ஊர் அறியாமை என்று யாரும் சிரிக்க வேண்டாம். 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நெஞ்சு நோய்ப் பிரிவுகளுக்கு வந்தவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு இதையே நம்பியது தெரியவந்தது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நானே யோசித்திருக்கிறேன். சிடி இல்லாத காலத்தில் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மார்பைத் திறந்தால்தான் தெரியும். திறப்பார்கள், இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்களோடு ஒட்டிக்கிடக்கும், ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்புவார்கள். அடுத்த சில மாதத்தில் அவர் இறந்துபோவார். ‘நல்லாத்தான் இருந்தாரு, ஆபரேஷன் பண்ணாங்க, போயிட்டாரு’ என்று தெருவே பேசும். கத்திக்கு முன்பே நோய் முற்றியிருந்தது யாருக்குத் தெரியும்?

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் ஊகம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலூர் சிஎம்சியில்தான் 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் நெஞ்சு அறுவைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறைக்கு அதுதான் விதை. அக்காலத்து நெஞ்சு அறுவையில் பெரும்பகுதி காசநோய்க்கானது. விலா எலும்புகளை வரிசையாக எடுத்து நுரையீரலை அமுக்கிவைப்பார்கள். பிழைத்தாலும் ஒரு பக்கத் தோள் சரிந்து, மார்பு குழிந்து போகும். நெஞ்சு ஆபரேஷன் என்றதும் இங்குள்ள பெரியவர்கள் முகம் மாறுவதற்கு அப்படி ஒரு தாத்தாவின் உருவம் மனதில் இருப்பது காரணமாக இருக்கலாம்.

இன்று திறந்து பார்த்துவிட்டு மூடுவது அபூர்வம். எடுக்க முடியுமா என்பது சிடியிலும் பெட் சிடியிலும் முன்பே தெரிந்துவிடுகிறது. பயாப்சி ஊசியால் கட்டி பரவுவது மிக மிக அரிது. பயாப்சியைத் தள்ளிப்போட்டு அதற்குள் பரவுவதோ அன்றாடம் நான் பார்ப்பது. தகுந்தவர்களுக்கு விலா எலும்புகளுக்கு இடையே சில துளைகள் போட்டு, கேமரா வழியே கட்டி இருக்கும் நுரையீரல் மடலையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுகிறோம். இரண்டு செ.மீ.க்கு உட்பட்ட, ஓரமாக இருக்கும் கட்டிக்கு முழு மடலும் எடுக்க வேண்டியதில்லை, அதில் ஒரு பகுதி போதும் என்பதை 2022, 2023இல் வெளியான ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒற்றை நுரையீரலோடு முப்பது ஆண்டு

அடுத்த கேள்வி, “நுரையீரலை எடுத்துட்டா மனுஷன் எப்படி சார் மூச்சு விடுவான்?”

1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அமர்வில் எடுத்தார். நோயாளியும் ஒரு டாக்டர்தான், பிரசவம் பார்க்கிறவர். அவர் மீதமிருந்த ஒற்றை நுரையீரலோடு 1963 வரை வாழ்ந்தார். கிரஹாம் விடாமல் சிகரெட் பிடித்தவர். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் விண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து எழுதியதும் அவரேதான். பிறகு சிகரெட்டை விட்டார். காலம் கடந்துவிட்டது. 1957இல் அதே நோயில் இறந்தார். அறுக்கப்பட்டவர் அறுத்தவரைவிட ஆறு ஆண்டு கூடுதலாக இருந்தார்.

உலக அளவில் திரட்டிய கணக்கைச் சொல்கிறேன். கட்டி ஒரு செ.மீ.க்குள் இருக்கும்போது பிடிபட்டால், ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். மூன்றிலிருந்து நான்கு செ.மீ. என்றால் ஏறக்குறைய எழுபது. நடுமார்பின் கணுக்களுக்குப் போய்விட்டால் முப்பத்தாறு. மற்ற உறுப்புகளுக்குப் போய்விட்டால் பத்தோ அதற்கும் கீழோ. சேவூர்க்காரர் முதல் தடவை வந்தபோது எழுபதில் நின்றிருந்தார்.

ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு மடலை எடுக்கும் அறுவையில் நூற்றில் இரண்டு மூன்று பேரை இழக்கிறோம். முழு நுரையீரல் என்றால் அதைவிடக் கூடுதல். சில நாள் நெஞ்சில் குழாய் இருக்கும். மூன்று பந்து இருக்கும் கருவியை ஊதாமல் உள்ளிழுத்துப் பழக வேண்டும், அழுதுகொண்டாவது செய்ய வேண்டும். விலாவில் நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் தறிக் குழியில் இறங்கக் கூடாது. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னால் பீடியை நிறுத்தாதவருக்கு நிமோனியா காத்துக்கொண்டிருக்கும். கட்டியைச் சோதித்ததில் ‘இஜிஎஃப்ஆர்’ என்ற மரபணு மாற்றம் இருந்தால் அறுவைக்குப் பின் மாத்திரை உண்டு. அப்படி ஆசிமெர்டினிப் என்ற மாத்திரையை எடுத்தவர்களில் ஐந்தாண்டு முடிவில் 88 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 78. விலைதான் கையைச் சுடுகிறது.

காசில்லை என்று வீட்டில் உட்காராதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை.

முள்சீத்தாவும் ‘ஒரு செட்’ மாத்திரையும்

இங்கே எனக்குப் பொறுமை போய்விடும், மன்னியுங்கள். கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று வாட்ஸ்அப்பில் வந்த முள்சீத்தாப் பழத்தை என்ன விலைக்கும் வாங்குகிறார்கள். அந்தப் ‘பத்தாயிரம்’ கண்ணாடிக் குழாயில் வைத்த செல்களில் பார்த்தது. மனிதனிடம் பார்த்ததில்லை. மாறாக, கரீபியக் கடலில் குவாதலூப் தீவில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1999இலேயே எழுதிவிட்டார்கள்.

ஆடாதோடை, தூதுவளை, சித்தரத்தை எல்லாம் சளி இருமலுக்கு எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு வாரம் குடியுங்கள், இரண்டு வாரம் குடியுங்கள். ஐந்து மாதம் குடிக்க அது கூழா?

இதைவிட மோசம் மெடிக்கல் கடையில் பிரித்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரை. அதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் மூச்சு லேசாகும், பசிக்கும், தெம்பு வரும். கட்டிக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு வளரும். “நல்லா கேக்குது சார் அந்த மாத்திரை” என்று எட்டு மாதம் வாங்கித் தின்ற ஒருவரின் ஈரலில் கட்டியைக் காட்டியபோது, அவர் கடைக்காரரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார்.

கும்பிட்டுக் கேட்கிறேன்

பீடி இலையில் சுற்றியது, அதனால் சிகரெட்டைவிட நல்லது என்கிறார்கள். பீடி சீக்கிரம் அணையும். அணையாமலிருக்க ஆழமாக, அடிக்கடி இழுக்க வேண்டும். தாரும் நிக்கோட்டினும் குறைவாக உள்ளே போவதில்லை. விட்டுவிடுங்கள் ஐயா. முப்பது வருடம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன என்று கேட்காதீர்கள். விட்ட நாளிலிருந்தே ஆபத்து மெல்ல இறங்கத் தொடங்கும். உங்களுக்காக முடியாவிட்டால், அதே அறையில் எதிரே உட்கார்ந்து நூல் தார் சுற்றும் உங்கள் பெண்ணுக்காக விடுங்கள்.

புகையே பிடிக்காத பெண்களிடம் இந்த நோய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் விட்ட புகையும் விறகுப் புகையும் அவர்களுக்குள் போகின்றன. வீட்டு விறகுப் புகையைப் ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கும்’ பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சிலிண்டர் விலை எனக்கும் தெரியும். குளிக்க வெந்நீர் வைக்கும் அடுப்பையாவது, பட்டு வேகவைக்கும் அடுப்பையாவது கூரைக்கு வெளியே தள்ளிப் போடுங்களம்மா, உங்கள் காலில் விழுகிறேன்.

பழைய எக்ஸ்ரேவைத் தூக்கிப் போடாதீர்கள்

எல்லா நிழலும் புற்றில்லை. போன மாதம் தேவிகாபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புது எக்ஸ்ரேயில் சுண்டைக்காய் அளவு ஒரு புள்ளி. வெளியே ஏதோ ஒரு மருத்துவமனையில் உடனே ஆபரேஷன் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பழைய படம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். மறுநாள் காலையில் சேலை மடிக்கும் தாளில் சுற்றி ஒரு பிலிமைக் கொண்டுவந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. விளக்குப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். அதே இடம், அதே அளவு. உறுதிக்கு ஒரு சிடி எடுத்தோம். உள்ளே சுண்ணாம்பு படிந்த பழைய தழும்பு.

ஆபரேஷன் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ புதுப் பாவு ஏத்தலாமா சார்?”

“ஏத்துங்கம்மா. அந்தப் படத்தை மட்டும் பத்திரமா வைங்க.”