நீராவியைப் பிளக்கும் பீங்கான்

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதற்கு ஆகும் ஆற்றல் முழுவதையும் மின்சாரமாகவே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு பகுதியை வெப்பமாகவும் கொடுக்கலாம், சூடு ஏற ஏற அந்தப் பகுதி பெருகும் என்பதே உயர்வெப்ப நீராவி மின்னாற்பகுப்பின் அடிப்படையாகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராம் நீரைப் பிரிக்கக் குறைந்தது 237 கிலோஜூல் மின்னாற்றல் வேண்டும். 800 டிகிரியில் நீராவிக்கு அது சுமார் 188 கிலோஜூலாக இறங்கிவிடுகிறது.

இவ்வேலையைச் செய்யும் கலத்தின் நடுவே இருப்பது திரவமன்று, மெல்லிய பீங்கான் தகடு. இட்ரியம் ஆக்சைடு சிறிதளவு கலந்த சிர்கோனியம் ஆக்சைடாலான இத்தகடே மின்பகுளி, அதாவது அயனிகளைக் கடத்தி எலக்ட்ரான்களைத் தடுக்கும் ஊடகம். நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட சிர்கோனிய அயனியின் இடத்தில் மூன்றே கொண்ட இட்ரிய அயனி அமரும்போது, மின்னூட்டம் சமன்பட வேண்டிப் படிகத்தில் ஆக்சிஜனுக்குரிய சில இடங்கள் காலியாகின்றன. தகடு சூடேறியதும் ஆக்சைடு அயனிகள் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி மறுபுறம் சேர்கின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வகைக் கலவையைத் தம் மின்விளக்கின் ஒளிரும் தண்டாகப் பயன்படுத்தியிருந்தார்.

நிக்கல் கலந்த நுண்துளைப் பீங்கானாலான எதிர்மின்வாயை அடையும் நீராவி, எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ரஜனை விடுவிக்கிறது. எஞ்சும் ஆக்சைடு அயனி தகட்டைக் கடந்து நேர்மின்வாயில் ஆக்சிஜனாகிறது. நிக்கல் ஆக்சைடாக மாறிவிடாதிருக்க, உள்ளே செலுத்தும் நீராவியிலேயே சிறிது ஹைட்ரஜனையும் கலந்துவிடுகின்றனர்.

இத்தனை சூட்டுக்கு அருகிலேயே ஓர் உலை எரிய வேண்டும் என்று கருதுவது பொருந்தாது. மின்னோட்டம் பாயும்போது கலத்தின் மின்தடையால் வெப்பம் தானே பிறக்கிறது, ஏறத்தாழ 1.29 வோல்ட்டில் அவ்வெப்பமும் வினை உறிஞ்சும் வெப்பமும் சரிக்குச் சரியாகின்றன. வெளியேறும் வாயுக்களின் சூட்டை வெப்பப் பரிமாற்றிகள் உள்வரும் நீராவிக்கு ஏற்றிவிடுவதால், வெளியிலிருந்து பெற வேண்டியது பெரும்பாலும் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் மட்டுமே. 150 டிகிரி அளவிலான கழிவு நீராவியே அதற்குப் போதும் என்பதுதான் இம்முறையின் உண்மையான வலிமை. ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் எஃகு ஆலையில் நிறுவப்பட்ட 720 கிலோவாட் அமைப்பு ஆலையின் கழிவு வெப்பத்தில் உண்டான நீராவியைக் கொண்டே இயங்கியது. வழக்கமான மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாக, இத்தகைய அமைப்புகளில் ஏறத்தாழ 40 யூனிட்டே ஆகிறது.

ஆயினும் கலத்தின் ஆயுள் இன்னும் நீள வேண்டும். நாளடைவில் நிக்கல் துகள்கள் மின்பகுளியை விட்டு விலகிச் செல்கின்றன. கலங்களை இணைக்கும் எஃகுத் தகடுகளிலிருந்து ஆவியாகும் குரோமியம் நேர்மின்வாயில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அடிக்கடி குளிரவிட்டுச் சூடேற்றினால் பீங்கானும் கண்ணாடி அடைப்புகளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி விரிசல் காண்கின்றன என்பதால், மின்சாரம் கிடைக்காத வேளையிலும் கலத்தைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியுள்ளது.