ரிவியூவில ஏஐ கேள்வி வந்தா என்ன சொல்லுவீங்கள்?



ரூஜ் ஹில் கோ ஸ்டேஷனில ரெயின் ஏறி யூனியனுக்கு வேலைக்குப் போறீங்களா? இந்த வருஷ ரிவியூவில ஒரு புதுக் கேள்வி வரலாம்: "ஏஐயை எவ்வளவு பாவிக்கிறீங்கள்?"

2025 ஏப்ரலில் ஷொப்பிஃபையின் தலைமை அதிகாரி டோபி லுட்கே ஊழியர்களுக்கு எழுதின ஒரு மெமோ வெளியில வந்தது. ஏஐ பாவிக்கிறது இனி எல்லாரிடமும் எதிர்பார்க்கிற அடிப்படை. அது பெர்ஃபோமன்ஸ் ரிவியூவிலும் கேட்கப்படும். ஒரு ரீமுக்குப் புது ஆள் வேணுமெண்டா, அந்த வேலையை ஏஐயால ஏன் செய்ய ஏலாது எண்டு முதலில காட்டவேணும். அதே மாதம் டுவோலிங்கோவும் இதைப்போல அறிவித்தது.

எங்கட அப்பா அம்மா கனபேர் வேலை செய்த தொழிற்சாலைகளில, எத்தனை பெட்டி கட்டினது எண்டு எண்ணுவினம். பெட்டி சரியோ பிழையோ எண்டு பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏஐயிட்டக் கேட்டீங்கள் எண்டு எண்ணினால், வேலை நல்லா நடந்ததா எண்டு தெரியாது. எண்ணிக்கை வேணுமெண்டா, ஆக்கள் சும்மாவும் கேட்பினம்.

சரி, ஊழியரையே கேட்டால்? அதுவும் பிழைக்கலாம். 2025 ஜூலையில் மீட்டர் எண்ட ஆய்வு நிறுவனம் ஒரு முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள், தங்களுக்கு நல்லாப் பழக்கமான ஓப்பன் சோர்ஸ் ப்ரொஜெக்டுகளில 246 வேலைகளைச் செய்தார்கள். சிலதுக்கு ஏஐ பாவிக்கலாம், சிலதுக்குப் பாவிக்கக்கூடாது. முடிவில, ஏஐயால வேலை 20 சதவீதம் கெதியா முடிஞ்சது எண்டு நினைத்தார்கள். அளந்து பார்த்தால் 19 சதவீதம் கூடுதலான நேரம் எடுத்திருந்தது. சின்ன ஆய்வுதான், இப்ப ஏஐ கருவிகளும் மாறியிட்டுது. ஆனால் உணர்வை மட்டும் நம்பி ஆளை அளக்க ஏலாது எண்டது விளங்குது.

அப்ப எதைப் பார்க்கவேணும்? ஏஐ தந்ததைத் திருத்தின நேரத்தையும் சேர்த்து, வேலை முழுசா முடிய எவ்வளவு எடுத்தது? அது விட்ட பிழையை நீங்கள் பிடிச்சீங்களா? எந்த வேலைக்கு அது சரிவராது எண்டு முடிவெடுத்தீங்கள், ஏன்? மாற்றத்துக்குப் பழகிறது எண்டால் இந்தத் தெரிவுதான்.

மனேஜர் இதைக் கேட்காவிட்டாலும் நீங்கள் எழுதி வையுங்கோ. கிழமைக்கு இரண்டு வரி போதும்: என்ன வேலை, எவ்வளவு நேரம், எதைத் திருத்தினது. ரிவியூ நாளில கையில ஆதாரம் இருக்கும்.

இன்னொண்டு. 2022 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள், ஊழியரை மின்னணு முறையில கண்காணிக்கிறதா, எப்படி, எதுக்கு எண்டு எழுத்தில சொல்லவேணும். இது கண்காணிப்பைத் தடுக்காது. வங்கி, ரெலிகொம் மாதிரி மத்திய அரசின் சட்டத்துக்குக் கீழ வாற இடங்களுக்குப் பொருந்தவும் மாட்டாது. மற்ற ஆக்கள் அந்தப் பத்திரத்தை எச்ஆரிடம் கேட்டு வாசியுங்கோ. உங்கட ஏஐ பாவனையை எண்ணுகினமோ எண்டு அதில தெரியவரலாம்.

உங்கட ரிவியூவில என்ன கேட்டவை? இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில பேசுவம்.