உங்களுக்குத் தெரியுமா? தோட்டாவுக்குள் ஒரு பித்தளை அதிசயம்!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூட்டுப் பட்டறையில் அரத்துக்கு அடங்கிப் போகும் பித்தளை, ரைபிளுக்குள் போனால் என்னென்ன வித்தை காட்டும் தெரியுமா? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேளுங்கள்!

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இந்தக் கலவைக்கு உலோகத் தொழிலில் பெயரே 'தோட்டாப் பித்தளை'தான்!

தோட்டா உறை வார்ப்பில் பிறப்பதில்லை. தகட்டில் வெட்டிய ஒரு வட்டு, முதலில் குட்டிக் கிண்ணமாகிறது. பிறகு அதை இழுக்கிறார்கள், சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். காசு போல இருந்தது கடைசியில் விரல் நீளக் குழாய்! அடிப்பாகம் கெட்டி. கழுத்தோ அரை மில்லிமீட்டர் கூடக் கிடையாது!

ராணுவத் தோட்டா கையில் கிடைத்தால் கழுத்தைப் பாருங்கள். நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் படர்ந்திருக்கும். கறை என்று நினைத்துவிடாதீர்கள்! கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டிப் பதப்படுத்தியதற்கு அதுதான் அத்தாட்சி. கடைத் தோட்டாக்களில் அதைப் பளபளவென்று தேய்த்து மறைத்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ, தேய்க்காததுதான் அழகு!

விசையை இழுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது? .308 ரைபிள் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 4,150 பார். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை!

அந்த அழுத்தத்தில் பித்தளை உறை பலூனாக உப்பி, தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். புகை துளியும் பின்பக்கம் வராது. அழுத்தம் இறங்கியதும் தானே கொஞ்சம் சுருங்கி, 'என்னை வெளியே எடு' என்று தயாராக நிற்கும். எல்லாம் கண் இமைப்பதற்குள்!

கொஞ்சம்தான் சுருங்கும், முழுக்கப் பழைய அளவுக்கு வராது. அதனால்தான் சுட்ட உறையை மறுபடி பயன்படுத்துபவர்கள் அதை எஃகு அச்சுக்குள் தள்ளிப் பிழிந்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிழிந்த பித்தளையும் வெளியே வந்ததும் லேசாக விரியும்! அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அச்சை வேண்டிய அளவைவிடச் சிறியதாகவே கடைகிறார்கள்!

எவ்வளவு துல்லியம் வேண்டும்? .308 சேம்பரை அளக்க இரண்டு அளவுகோல் கட்டைகள். ஒன்று உள்ளே போக வேண்டும், மற்றது போகவே கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்! தலைமுடி ஒன்றரை இழை!

எண்ணெய் தடவாமல் அச்சுக்குள் தள்ளினால் உறை அங்கேயே சிக்கிக்கொள்ளும், லேசில் வராது. இதற்குப் பலர் தடவுவது லானோலின். அது எதிலிருந்து வருகிறது? ஆட்டு ரோமத்திலிருந்து! அதையும் அதிகமாகத் தடவினால் உறையின் தோளில் பள்ளம் விழுந்துவிடும்!

பக்கவாட்டில் பிழிந்தால் பித்தளை எங்கே போகும்? நீளத்துக்குப் போகும்! .308 உறை 51.18 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெட்டிவிட வேண்டும். நகம் வெட்டுவது மாதிரி தோட்டா உறைக்கும் வெட்டு உண்டு!

வாய்ப்பக்கம் நீள நீள, அடிப்பக்கம் உள்ளே மெலிந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கி, உறைக்குள் விட்டு மெல்ல இழுக்கிறார்கள். நுனி ஓரிடத்தில் தட்டினால் அந்த உறை குப்பைக்கு! லட்ச ரூபாய் ரைபிளைக் காப்பாற்றுவது ஒரு பேப்பர் கிளிப்!

இப்போது என் பட்டியலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆங்கிலேயர் காலம். மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இந்தியாவில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கினார்கள். மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால், ஒரு தடவை கூடச் சுடாத தோட்டாக்களின் உறையில் விரிசல்! எதிரி யார்? குதிரை மூத்திரம்! அதிலிருந்து கிளம்பிய அமோனியா, இழுத்துச் செய்த பித்தளைக்குள் ஒளிந்திருந்த இறுக்கத்தைப் பிடித்துப் பிளந்துவிட்டது. 1921-ல்தான் விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள். பரிகாரம், உறையை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது. அமோனியா கலந்த பாலிஷ் போட்டு உறையைத் தேய்க்கக் கூடாது என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்!

பித்தளை வருவதற்கு முன்னால்? காகிதம்தான்! 1857-ல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவை. அடுத்த 10 வருடத்துக்குள், 1866-ல், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்னைடர் ரைபிளுக்குப் பித்தளைத் தகடு சுருட்டிய தோட்டா வந்துவிட்டது!

ஆயுத வரலாற்றில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கும் பங்கு உண்டு! 1605-ல் நாயக்கர் கட்டிய கோட்டை அது. 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு இங்கே பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் அமைத்தார். கைவினைஞர்களைத் திருச்சி, புதுச்சேரி போன்ற இடங்களிலிருந்து திரட்டினார். மைசூர் சிம்மாசனத்தின் பக்கமே அவர் போகாத காலம் அது!

ரைபிள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. நீலகிரி அருவங்காட்டு கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை 100 வருடத்தைத் தாண்டிவிட்டது!

.303 தோட்டா பிறந்தது 1888-ல். உத்தரப் பிரதேசப் போலீஸ் .303 ரைபிளுக்கு விடை கொடுத்தது 2020-ல். 132 வருடம்!

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே கட்டுவது சர்வசாதாரணமான பொழுதுபோக்கு. நம் நாட்டில் ஆயுதச் சட்டம், 1959 இருக்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் நேரே ஜெயில்!

கடைசியாக ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 ரைபிள்களுக்கு ஆங்கிலேய அரசு தடை போட்டது. கிளர்ச்சிக்காரர்கள் அந்தக் குண்டை எடுத்து ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியில் போட்டுக்கொள்வார்களோ என்று பயம்! வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அளவைக் கொஞ்சம் மாற்றி .465, .470, .475 என்று புதுப்புதுத் தோட்டாக்களை இறக்கிவிட்டன. தடை போட்டதற்கும் .470-க்கும் பெயரில் உள்ள வித்தியாசம் 0.020 அங்குலம். வெறும் அரை மில்லிமீட்டர்!