டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்!



மோட்டாரில் வைண்டிங் கருகின வாசனை வந்ததை மறைத்து, "சத்தம் மட்டும்தான் வருது" என்று கடையில் கொடுத்தால், மெக்கானிக் பேரிங்கை மாற்றி அனுப்பிவிடுவார். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை டாக்டரிடம் மறைப்பதும் இப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இந்த வருடம் நானும் அந்தச் சிகிச்சையில் இருக்கிறேன். டாக்டர் கேட்டதும் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எப்போதிருந்து, எந்த நேரத்தில், சாகும் எண்ணம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார்.

ஏன் கேட்கிறார்கள்? மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். தெரிந்தால்தான் டாக்டர் சீக்கிரமே மறுபடி வரச்சொல்வார்; தேவைப்பட்டால் மருந்தை மாற்றுவார்; கவுன்சலிங்கும் சேர்ப்பார். நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

"போலீஸ் கேஸ் ஆயிடுமோ, ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமோ" என்ற பயம் பலருக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நம் விஷயத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் இல்லை.

வாயால் சொல்ல வரலையா? துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அரியர் பேப்பரை மறுபடி எழுதலாம், நண்பர்களே. அதற்கு நாம் இருக்க வேண்டும்!

– இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரிக்கல்